பெட்டி டார்பெல்லில், சக்கரம் ஓஹியோவில்

டார்பெல், நியூ ஹாம்ப்ஷயர்
ஜூன் 3, 1963

அன்புள்ள டார்பெல் மகனே / மகளே (பொருந்தாததை அடித்துவிடவும்),

நமது ஊர் பிறந்து இந்த ஆகஸ்டோடு இருநூறு ஆண்டுகள் நிறைகின்றன. ஆகஸ்ட் 17, சனிக்கிழமை, வழக்கமான ‘ஊர் திரும்பும் நாள்’ இம்முறை இருமடங்கு சிறப்புடன் நடைபெறும். காலையில் ஊர்வலம், மதியம் தேவாலயத்தின் கீழறையில் பீன்ஸ் விருந்து, மாலையில் பேண்டு வாத்தியம். எங்கெங்கோ போய்க் குடியேறிவிட்ட எம் மக்கள் அனைவரும் பிறந்த மண்ணுக்கு ஒருநாள் வந்து போகுமாறு விழாக்குழு அன்புடன் அழைக்கிறது.

ஆரின் பீஸ்லி
செயலாளர்

லவீனா அக்கா,

மேலே இருப்பது நூற்று நாற்பது பேருக்குப் போகிற அச்சுக் கடிதம். ‘மகனே’ என்பதை அடிக்க மறந்துவிட்டேன், நீயே அடித்துக்கொள். இனி வருவது உனக்கு மட்டும்.

சுகமா? வெர்ன் மாமா சுகமா? இங்கே லைலாக் பூத்து ஓய்ந்துவிட்டது. கொசு வந்துவிட்டது. எனக்கு ஐம்பத்து நான்கு முடிந்து இடது முழங்கால் மட்டும் எழுபதைத் தொட்டிருக்கிறது. ஆறு வருஷமாகக் கிறிஸ்துமஸ் அட்டையில் வெறும் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பிக்கொண்டிருந்த நாம், நாலு வரி சேர்த்து எழுதினால் தபால்துறை கோபித்துக்கொள்ளாது என்று தோன்றியது.

அப்புறம், ஒரு சின்ன விஷயம். நம் வீட்டு ஆளுயர நெட்டைக் கடிகாரத்தின் சக்கரங்கள், முகப்பு, எடைக்குண்டுகள், பெண்டுலம் இவற்றை ஒரு வாரத்துக்கு இரவலாக அனுப்ப முடியுமா? விழாவுக்கு அலங்காரமாக இருக்கும், வேறொன்றும் இல்லை. பழைய போர்வையில் சுற்றி அனுப்பினால் போதும்.

உன் தம்பி,
ஆரின்

•

ஹார்லன் ஸ்டேஷன், ஓஹியோ
ஜூன் 10

ஆரின்,

முடியாது.

காரணம் தெரிந்துகொள்ள ஆசைப்படுவாய். அப்பா உயிலில் “கடிகாரம் இருவருக்கும் சரிபாதி” என்று எழுதினார். பாகம் பிரித்தது நாம்தான். பெட்டி உனக்கு, உள்ளே இருப்பது எனக்கு. வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார், நினைவிருக்கிறதா? என் பாதி என் சமையலறைச் சுவரில் தொங்குகிறது. காலையில் கயிற்றை இழுத்துவிட்டால் மறுநாள் காலைவரை ஓடுகிறது. சாயங்காலமானால் குண்டு இறங்கி மாவு டின்னின் மூடிமேல் உட்காரப் பார்க்கும், நான் டின்னை நகர்த்துவேன். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டு வாழ்கிறோம்.

கடிகாரம் முழுசாக வேண்டுமென்றால் வழி இருக்கிறது. உன் பெட்டியை இங்கே அனுப்பு.

இன்னொன்று. “சின்ன விஷயம்”, “வேறொன்றும் இல்லை” இரண்டையும் நீ ஒரே பத்தியில் எழுதியிருக்கிறாய். ஏழு வயதில் பாதிரியாரின் தொப்பியை வாத்துக்குப் போட்ட அன்று அம்மாவிடம் இதே இரண்டையும் சொன்னாய். என்ன செய்து வைத்திருக்கிறாய்?

லவீனா

•

டார்பெல்
ஜூன் 16

லவீனா அக்கா,

சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

நான் வாரப் பத்திரிகையில் ஊர் வம்புப் பத்தி எழுதுகிறேன் என்பது உனக்குத் தெரியும். வம்பு வற்றிப்போன வாரங்களில், முக்கியமாகப் பிப்ரவரியில், நம் கொள்ளுத்தாத்தாவின் அப்பா ஏனோக் பீஸ்லியைப் பற்றி எழுதுவது வழக்கம். “டார்பெல்லின் ஒரே கடிகாரக் கலைஞர்” என்று ஒருமுறை எழுதினேன். யாரும் மறுக்கவில்லை. அடுத்த பிப்ரவரியில் “புகழ்பெற்ற” என்று சேர்த்தேன். அதற்கும் அடுத்த ஆண்டு மேற்கோள் காட்ட ஆதாரம் தேவைப்பட்டது, என் முந்தைய பத்தியையே காட்டினேன். நம் வீட்டில் எல்லோரும் “ஏனோக் செஞ்ச கடிகாரம்” என்றுதானே சொல்வோம்? நான் பொய் சொல்லவில்லை. கொஞ்சம் மாவு தூவி உருட்டினேன், அவ்வளவுதான்.

மார்ச் மாதம் ஊர்க்கூட்டத்தில் லெமுவேல் பிங்கம் எழுந்தான். அவனைத் தெரியுமே, கம்பம் மாதிரி உயரம், குரல் மட்டும் கொசு மாதிரி. “இந்த ஊர்ல கடிகாரம் செஞ்சது எங்க அப்னேர் பிங்கம்தான்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க. பீஸ்லிங்களுக்குப் பேசத்தான் தெரியும்” என்றான். நானும் எழுந்தேன். எழுந்திருக்கக் கூடாது.

“எங்க ஏனோக் செஞ்ச கடிகாரம் இன்னிக்கும் எங்க வீட்டுக் கூடத்துல ஓடுதுய்யா! உங்க அப்னேர் செஞ்சது எங்கே ஓடுது, ஆத்துலயா?”

சபை கைதட்டியது. கைதட்டுகிற சபையில் உட்கார எனக்குத் தெரியாது. வெண்கலப் பலகை ஒன்று வார்த்து நம் வாசலில் பதிக்க வேண்டும் என்று நானே முன்மொழிந்தேன். வரலாற்றுச் சங்கத் தலைவி திருமதி விட்டன் வழிமொழிந்தார். பலகை வார்த்து வந்தாகிவிட்டது. “இங்கே வாழ்ந்தார் ஏனோக் பீஸ்லி, கடிகாரக் கலைஞர்.” விழா அன்று பாஸ்டனிலிருந்து ப்ரூயிட் என்ற நிபுணர் வந்து, ஓடுகிற கடிகாரத்தைப் பார்த்துச் சான்று சொல்லிய பிறகு திறப்பு.

ஓடுகிற கடிகாரம். என் பெட்டிக்குள் இரண்டு துடைப்பமும் ஒரு குடையும் இருக்கின்றன.

போன வாரம் திருமதி விட்டன் முன்னறிவிப்பில்லாமல் வந்துவிட்டார். முகப்பு இருக்கவேண்டிய ஓட்டையைத் துணி போட்டு மூடி, உள்ளே என் அலாரம் கடிகாரத்தை வைத்திருந்தேன்.

“ஏன் ஆரின், மூடி வச்சிருக்கீங்க?”

“வெயில் பட்டா சாயம் போயிடும்மா. பழசு பாருங்க.”

“இது வடக்குப் பாத்த அறையாச்சே.”

“அதனாலதாம்மா. திடீர்னு பட்டா தாங்காது.”

அவர் பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். “என்ன வேகமா ஓடுது! இவ்வளவு வயசுக்கு நல்லா இருக்கே” என்றார். அப்போது அலாரம் அடித்தது. அக்கா, நெட்டைக் கடிகாரம் மணி அடிப்பது உனக்குத் தெரியும், டங், டங் என்று தேவாலயம் மாதிரி. இது தீயணைப்பு வண்டி மாதிரி அலறியது. “ஏனோக்கோட புதுமை” என்றேன். திருமதி விட்டன் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

இதுதான் நிலைமை. விழா மேடையில் வெற்றுப் பெட்டியைத் திறந்தால், நான் மீதி ஆயுளை லெமுவேல் பிங்கமின் சிரிப்புக்கு நடுவில் கழிக்கவேண்டும். அனுப்பு அக்கா.

ஆரின்

•

ஹார்லன் ஸ்டேஷன்
ஜூன் 24

ஆரின்,

சமையலறையில் நின்றபடி படித்தேன். “தீயணைப்பு வண்டி” வந்த இடத்தில் சிரித்துவிட்டேன். வெர்ன் கொட்டகையிலிருந்து ஓடிவந்து, “என்னாச்சு? யாராவது போயிட்டாங்களா?” என்றார். இந்த வீட்டில் நான் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நாளாகிவிட்டது போலிருக்கிறது.

சிரித்ததால் மன்னித்துவிட்டேன் என்று கணக்குப் போடாதே.

அப்பாவை அடக்கம் செய்த மறுநாள் கடிகாரத்தின் முன்னால் நின்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. “நீ ஊரை விட்டுப் போனவ. விருந்தாளி. விருந்தாளிக்கு வீட்டுச் சாமான் கிடையாது.” அந்த வீட்டில் உனக்கு ஆறு வருஷம் முன்னால் பிறந்தவள் நான். உனக்கு நடை பழக்கியவள். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று எழுது. அப்புறம் சக்கரத்தைப் பற்றிப் பேசலாம்.

அதற்கிடையில் ஒரு காரியம் செய். பெட்டி செய்தவர்கள் உள்ளே எங்காவது பெயர் எழுதி வைப்பார்களாம். இங்கே கடிகாரம் பழுது பார்க்கிறவர் சொன்னார். என் பாதியில் முகப்பிலும் பெயர் இல்லை, பின்னாலும் இல்லை, சக்கரங்கள் எல்லாம் மரம். துடைப்பங்களை வெளியே எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார். ஏனோக் செய்தார் என்று இத்தனை பிப்ரவரி எழுதியிருக்கிறாயே, ஒருநாளாவது உள்ளே எட்டிப் பார்த்தாயா?

என்னிடம் ஏனோக்கின் பழைய பஞ்சாங்கம் ஒன்று இருக்கிறது. 1819. ஓரத்தில் பென்சிலால் அன்றாடம் ஏதோ கிறுக்கியிருக்கிறார். பாதிப் பக்கங்களில் அம்மா கேக் செய்முறைகளை ஒட்டிவிட்டாள். நானும் தேடிப் பார்க்கிறேன்.

லவீனா

•

டார்பெல்
ஜூலை 1

அக்கா,

எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

துடைப்பம், குடை, அப்பாவின் ஒற்றை பூட்ஸ், பெயர் தெரியாத ஒரு பறவையின் கூடு எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தலையையும் ஒரு தோளையும் உள்ளே நுழைத்தேன். முதுகுப் பலகை ஒரே நீளப் பலகை, மேலிருந்து கீழ்வரை. அதில், என் மூக்குக்கு நேராக, கரியால் பெரிதாக எழுதியிருக்கிறது:

அப்னேர் பிங்கம்
73 – 19

பிங்கம், அக்கா. பிங்கம்.

எழுபத்து மூன்றாவது கடிகாரம், பத்தொன்பதாம் வருஷம். நான்காம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும். எழுபத்து மூன்று செய்திருக்கிறான் படுபாவி! கொசுக்குரலன் சொன்னது உண்மை.

தலையை வெளியே எடுக்க முடியவில்லை. காது மாட்டிக்கொண்டது. அந்தக் கோலத்தில் இருந்தபோதுதான் வாசலில் குரல் கேட்டது.

“ஆரின்! உள்ள யாரு, நீயா?”

லெமுவேலேதான். விழாவுக்கு நாற்காலி கணக்கெடுக்க வந்திருக்கிறான்.

“என்னடா பண்றே?”

“எண்ணெய் போடறேன்!”

“தலையாலயா?”

என் இடுப்பைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்ததும் அவனேதான். கதவை நான் முதுகால் சாத்திக்கொண்டு நின்றேன். “உங்க பாட்டன் செஞ்ச பெட்டியாச்சே, கொஞ்சம் அகலமா செஞ்சிருக்கக் கூடாதா” என்று சொல்லிவிட்டு, நாற்காலியை எண்ணிக்கொண்டு போனான். நல்லவன்தான். அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

கொட்டகையில் அப்பாவின் இழைப்புளி இருக்கிறது. நாலு இழுப்பு இழுத்தால் பிங்கம் சுருள் சுருளாகத் தரையில் விழுந்துவிடுவான். யாருக்கும் தெரியாது. நீ என்ன சொல்கிறாய்?

நீ கேட்ட மற்ற விஷயம் பற்றிப் பிறகு எழுதுகிறேன். காது வலிக்கிறது.

ஆரின்

•

ஹார்லன் ஸ்டேஷன்
ஜூலை 8

ஆரின்,

இழைப்புளியைத் தொட்டாயானால் இந்த ஜென்மத்தில் உனக்குக் கடிதம் எழுத மாட்டேன். கிறிஸ்துமஸ் அட்டையும் கிடையாது.

ஏனோக் பொய்யாகவே இருந்தாலும் அந்தப் பலகை பொய் சொல்லவில்லை. நீ அதைச் சுரண்டினால் நம் வீட்டில் பொய்யன் இரண்டு பேராகிவிடுவார்கள்.

பஞ்சாங்கத்தில் மார்ச் மாதத்தைக் கண்டுபிடித்தேன். முன்னும் பின்னும் அம்மாவின் இஞ்சிக் கேக் காகிதம் கஞ்சிப் பசையால் ஒட்டியிருக்கிறது. நடுவில் ஒரே ஒரு வரிதான் தெரிகிறது. அப்படியே எழுதுகிறேன்:

“மார்ச் 6. பிங்கமுக்குப் பெட்டி செய்து முடித்தேன். பைன் மரம். நல்ல வேலை.”

நீ இதை எப்படிப் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மறைக்க எனக்கு மனமில்லை. மீதியைப் படிக்கவேண்டுமானால் கேக் காகிதத்தை ஆவியில் காட்டிப் பிரிக்கவேண்டும். அது அம்மாவின் கையெழுத்து. யோசிக்கிறேன்.

காது எப்படியிருக்கிறது? கைக்கு ஒன்றும் இல்லையே? கை நன்றாக இருந்தால், நான் கேட்டதை எழுதலாம்.

லவீனா

•

டார்பெல்
ஜூலை 14

அக்கா,

ஆக, முடிந்தது. கடிகாரம் செய்தவன் அப்னேர் பிங்கம். அவனுக்குக் கூலிக்குப் பெட்டி அடித்துக் கொடுத்தவர் நம் ஏனோக். “நல்ல வேலை” என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டதில் மட்டும் அவர் சந்தேகமில்லாமல் பீஸ்லி.

இந்த ஊரில் செத்துப்போனவனைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆனால் உயிரோடு இருக்கிறவன் தன் வாயால் கெட்டால் மூன்று தலைமுறை வைத்துச் சிரிப்பார்கள். சாக்குப் பந்தயத்தில் கால்சட்டை கழன்றவனின் பேரனை இன்னும் “சாக்கு” என்றுதானே கூப்பிடுகிறோம்? எனக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த மட்டில் நல்லது.

இழைப்புளியை எடுத்து வந்து பெட்டி முன்னால் இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். நல்லவன் என்பதால் இல்லை. திரும்பவும் தலை மாட்டிக்கொண்டால் இழுக்க ஆள் இல்லை.

அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒன்று தோன்றியது. அந்தப் பெட்டியிலிருந்து நீ சக்கரங்களைக் கழற்றியபோது நான் இதே இடத்தில்தான் நின்றேன். அப்பாவின் கம்பளிப் போர்வையில் நீ அவற்றைக் குழந்தை மாதிரி சுற்றினாய். நான் உதவவில்லை. அந்த வார்த்தையைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று எனக்கு அன்றே தெரியும். அப்பா போய்விட்டார், மறுநாள் பஸ்ஸில் நீயும் போய்விடுவாய், வீட்டில் நானும் கடிகாரமும் மட்டும்தான் என்று மனதைத் தேற்றி வைத்திருந்தேன். நீ கடிகாரத்தையும் எடுத்ததும் வாயில் வந்ததைக் கொட்டிவிட்டேன். நீ விருந்தாளி இல்லை. எந்தக் காலத்திலும் இல்லை. திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆறு வருஷம் தாமதம்.

சக்கரங்களை அனுப்ப வேண்டாம். கேக் காகிதத்தையும் பிரிக்க வேண்டாம். திருமதி விட்டனிடம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன், அடுத்த வாரம். அல்லது அதற்கடுத்த வாரம்.

ஆரின்

•

ஹார்லன் ஸ்டேஷன்
ஜூலை 22

ஆரின்,

விட்டனிடம் இன்னும் போயிருக்க மாட்டாய் என்று நம்பி எழுதுகிறேன். போகாதே. பொறு.

உன் கடிதத்தை இரண்டுமுறை படித்தேன். கெட்டிலை அடுப்பில் வைத்தேன்.

அம்மாவின் காகிதம் கிழியாமல் வந்துவிட்டது. இஞ்சிக் கேக்குக்கு அவள் ஒன்றரைக் கப் வெல்லப்பாகு போட்டிருக்கிறாள், எனக்கு ஒரு கப் என்று சொல்லிக் கொடுத்து முப்பது வருஷம் ஏமாற்றியிருக்கிறாள். அது தனிக் கச்சேரி. கீழே ஏனோக் எழுதியதை வார்த்தை மாற்றாமல் தருகிறேன்.

“மார்ச் 2. பனி. அப்னேர் பிங்கமுக்குக் கடுங்காய்ச்சல். வைத்தியர் கைவிட்டார்.

மார்ச் 4. போய் அளந்தேன். தூங்கிக்கொண்டிருந்தார். நீளம் 73 அங்குலம், தோள் 19.

மார்ச் 6. பிங்கமுக்குப் பெட்டி செய்து முடித்தேன். பைன் மரம். நல்ல வேலை.

மார்ச் 7. பிங்கம் எழுந்து உட்கார்ந்து ஒரு பானை பீன்ஸ் தின்றார்.

மார்ச் 9. பெட்டியை எடுத்துக்கொள்ளும்படி கேட்டேன். மறுக்கிறார். என்றைக்கானாலும் வேண்டியதுதானே என்றேன். கோபித்துக்கொண்டார்.

மார்ச் 15. கனெக்டிகட் வியாபாரி குதிரையில் வந்தான். மரச்சக்கரக் கடிகாரம் ஒன்று மிச்சமிருக்கிறது, பெட்டி கிடையாது என்றான். என்னிடம் பெட்டி இருக்கிறது.

மார்ச் 20. பிங்கம் நம் வீட்டுக்கு வந்தார். கடிகாரத்தைப் பார்த்து, அழகாக இருக்கிறது, நல்ல உயரம் என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.”

இதைப் படித்ததும் முன்பைவிடச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். வெர்ன் இரண்டாம் தடவையாக ஓடிவந்தார்.

நம் ஏனோக் கடிகாரம் செய்யவில்லை, ஆரின். சவப்பெட்டி செய்தார். பிங்கமும் கடிகாரம் செய்யவில்லை. சாக மறுத்தார், அவ்வளவுதான். சக்கரங்களைச் செய்தது கனெக்டிகட்டில் யாரோ, பெயர் போடாத யாரோ. உன் நான்காம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடித்த “எழுபத்து மூன்றாவது கடிகாரம்” ஒரு மனிதனின் உயரம்.

ஆகஸ்ட் 15 பஸ்ஸில் வருகிறேன். என் பாதி என் மடியில் இருக்கும். பஞ்சாங்கம் கைப்பையில். அதை உன்னிடம் கொடுத்துவிடுவேன். மேடையில் படிப்பதா, மறைப்பதா என்பது உன் பாடு. நீ மறைத்தால் நான் வாய் திறக்க மாட்டேன். சக்கரம் ஓடும், உன் நிபுணர் எதையாவது சொல்வார், உன் பலகை வாசலில் மின்னும். யோசித்துச் செய்.

ஒன்று மட்டும். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு வெள்ளை ரிப்பன், ஊர்க்காரர்களுக்கு நீல ரிப்பன் குத்துவீர்களே, என் சட்டையில் வெள்ளையைக் குத்த யாராவது கிட்டே வந்தால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

லவீனா

•

டார்பெல்
ஆகஸ்ட் 28

அக்கா,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த அட்டை வந்தது.

நடந்தது எல்லாவற்றையும் நீ பக்கத்தில் நின்று பார்த்தாய். இருந்தாலும் எழுதுகிறேன். எழுதினால்தான் எனக்கு நடந்த மாதிரி இருக்கிறது. தொழில் அப்படி.

பஞ்சாங்கத்தோடு மேடைக்குப் போகும்வரை நான் முடிவு செய்யவில்லை என்பதுதான் உண்மை. இடது பையில் ஏனோக்கைப் புகழ்ந்து எழுதிய ஆறு பக்கம், வலது கையில் பஞ்சாங்கம். ப்ரூயிட் சக்கரங்களை மூன்று நிமிஷம் பார்த்துவிட்டு, “கனெக்டிகட்ல பட்டறை பட்டறையா நூத்துக்கணக்கில செஞ்சு தள்ளினது. இதை யார் கை செஞ்சதுன்னு கடவுளுக்குத்தான் தெரியும். பெட்டிய மட்டும் யாரோ ரொம்ப அவசரத்துல செஞ்சிருக்காங்க” என்றார். சபை என்னைப் பார்த்தது. அப்போதுகூட “ஏனோக் சுறுசுறுப்பானவர்” என்று சொல்லித் தப்பியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பின்வரிசையில் நீ உட்கார்ந்திருந்தாய். முறைக்கவில்லை, தலையசைக்கவில்லை, மடியில் கை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாய். நீ முறைத்திருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

படித்தேன். “ஒரு பானை பீன்ஸ்” வந்தபோது கூட்டத்தில் பாதிப்பேர் வாயில் பீன்ஸ் இருந்தது. திருமதி விட்டனுக்கு மூக்கில் ஏறிவிட்டது. சிரித்தார்கள், அக்கா. ஆறு வாரமாக நான் பயந்த அதே சிரிப்பு. உள்ளே இருந்து கேட்டால் அது வேறு மாதிரி இருக்கிறது.

அப்புறம் லெமுவேல் எழுந்தான்.

“மார்ச் மாசம் அவரு போயிருந்தா எங்க வம்சமே கிடையாது. எங்க முப்பாட்டன் பொறந்தது 1824. அந்தப் பெட்டி எங்களுக்கு அளவெடுத்துச் செஞ்சது. அது பிங்கம் வீட்டுச் சொத்து. எனக்குக் கொடுங்க!”

நீதான் பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தாய். “அப்போ உள்ள நின்னு காட்டு லெமுவேல். பொருந்துச்சுன்னா கதவச் சாத்தி அப்படியே அனுப்பி வைக்கிறோம்.”

நூறு வருஷம் இந்த ஊர் அதைச் சொல்லும். என் பெயரில் ஒன்றும் இல்லை, உன் பெயரில். கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது.

நீ போன பிறகு நடந்தவை: வெண்கலப் பலகையை என்ன செய்வது என்று ஊர்க்கூட்டம் மூன்று மணிநேரம் விவாதித்தது. உருக்குவது பாவம், வீணாக்குவது அதைவிடப் பாவம். கடைசியில் பதித்துவிட்டார்கள். அடியில் ஒரு சின்ன மரப்பலகை ஆணியடித்திருக்கிறது: “மேலே உள்ளது சரியல்ல. நகரசபை.” நேற்று வெர்மான்ட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்து இரண்டின் முன்னாலும் நின்று படம் எடுத்துக்கொண்டு போனது. உனக்கு நீல ரிப்பன் குத்தியதற்குத் திருமதி விட்டன் விதிப்புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். நான் அந்தப் பக்கத்தில் காப்பிக் கோப்பையை வைத்தேன்.

லெமுவேல் ஞாயிறுதோறும் வருகிறான். பெட்டிக்கு மெழுகு போடுகிறான். அவன் வீட்டுப் பெட்டியாம், நம் சக்கரம் அதில் குடியிருக்கிறதாம். நான் காப்பி போடுகிறேன். அவன் போன பிறகும் வீட்டில் சத்தம் இருக்கிறது. ஆறு வருஷம் கழித்து இந்தக் கூடத்தில் அந்த டங், டங். உன் பாதியை நீ ஏன் இங்கேயே விட்டுவிட்டுப் போனாய் என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. பஸ் நிலையத்தில் கேட்க நினைத்தேன். முழங்காலைப் பற்றிப் பேசிவிட்டேன்.

ஒரே ஒரு கவலை. கடிகாரம் மெதுவாக ஓடுகிறது. நாளுக்கு ஏழு நிமிஷம் பின்தங்குகிறது. நீ இருந்தவரை தேவாலய மணியோடு ஒட்டி நின்றது. கயிற்றைப் பார்த்தேன், குண்டைப் பார்த்தேன், பெட்டி சாய்ந்திருக்கிறதா என்று லெமுவேல் தட்டில் தண்ணீர் வைத்துப் பார்த்தான். ஒன்றும் புரியவில்லை. பிரயாணத்தில் ஏதாவது அடிபட்டிருக்குமோ? எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

ஆரின்

•

ஹார்லன் ஸ்டேஷன்
செப்டம்பர் 4

ஆரின்,

அடிபடவில்லை. பெண்டுலத்தின் அடியில் ஒரு திருகு இருக்கிறது. கிளம்புகிற அன்று காலை நீ பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அதைப் பத்துச் சுற்று தளர்த்திவிட்டு வந்தேன்.

நீயும் தொடாதே, லெமுவேலையும் தொடவிடாதே. நவம்பரில் நன்றி சொல்லும் திருநாளுக்கு வந்து நானே முடுக்குகிறேன். வான்கோழி வாங்கி வை.

லவீனா